ஹாசன் வரை ஒலித்த பாட்டுகள்

மழை விட்டதும் சக்லேஷ்பூர் மலைப்பக்கம் போக வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். போன அக்டோபரில்தான் அது அமைந்தது. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர்; நிறுத்தி நிறுத்திப் போனால் ஐந்து மணி நேரம். என் கணவன் முரளி வண்டி ஓட்டுவான், பாட்டு என் பொறுப்பு. எட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் சண்டை வராத ஒரே பங்கீடு அதுதான்.

பாட்டு தேர்ந்தெடுப்பது லேசான வேலை இல்லை. ஊர் சுற்றும் பாட்டு என்று தேடினால் பாதிக்கு மேல், காதலி கைவிட்டதால் அலைகிறவன் பாடுவது. அதையெல்லாம் விடிகாலையில் போட்டால் நெலமங்கலா தாண்டுவதற்குள் கண் சொருகிவிடும். ஆபீஸ் போகும் மெட்ரோவில் நின்றபடியே ஒரு வாரம் கேட்டுக் கழித்தேன். தும்கூர் ரோடு நெரிசலுக்கு லாரிக்காரர் பாட்டு. சாலை காலியானதும் தனியாக நடப்பவன் பாட்டு. மலை ஏறும்போது படகுப் பாட்டு. நடுவில் முரளிக்குப் பிடித்த நாடோடிப் பாட்டுகள். என் போனில் சார்ஜ் நிற்காது, அதனால் எல்லாவற்றையும் அவன் போனில் ஏற்றினேன்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். குனிகல் பக்கம் தட்டு இட்லி, காபி, இருவருக்கும் 160 ரூபாய். சன்னராயபட்டணா தாண்டியபோது நாடோடிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முரளி ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். திடீரென்று பாட்டு நின்று ஸ்பீக்கரில் போன் மணி அடித்தது. துண்டிக்கப் போனவன் பதற்றத்தில் எடுக்கும் பொத்தானை அழுத்திவிட்டான்.

“சார், வீசா வந்திடுச்சு. டிக்கெட் ஒருத்தருக்குத்தானே? மேடம் வரலைன்னீங்க, கன்ஃபர்ம் பண்ணிக்கலாம்னு கூப்ட்டேன்.”

“அப்புறம் பேசறேன்” என்று முரளி துண்டித்தான். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நான்தான் நிறுத்தினேன்.

“எந்த ஊருக்கு?”

“டொரண்டோ. ரெண்டு வருஷம்தான். சக்லேஷ்பூர் போனதும் சொல்லலாம்னு இருந்தேன்.”

“அதுக்குத்தான் இந்த ட்ரிப்பா?”

முரளி முன்னால் போன லாரியை முந்தினான்.

“போன வருஷம் எனக்குக் கோயம்புத்தூர்ல ப்ரமோஷன் வந்தப்ப என்ன சொன்ன? புருஷன் பொண்டாட்டி ஆளுக்கொரு ஊர்ல இருந்தா அது குடும்பமான்னு கேட்டியே. நானும் வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“அது வேற, சுமதி.”

“என்ன வேற?”

அவன் கத்தியிருந்தால்கூட நான் சக்லேஷ்பூர் வரை போயிருப்பேனோ என்னவோ. கையை நீட்டி மறுபடி பாட்டைப் போட்டான். நான் ஒரு வாரம் பொறுக்கி எடுத்த பாட்டு, என் வாயை அடைக்கப் பயன்பட்டது. ஹாசன் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொண்டேன்.

“இங்க இறங்கி என்ன பண்ணப் போற? சீன் பண்ணாத.”

“பஸ் இருக்கு” என்றேன்.

இருந்தது. பெங்களூருக்கு அடிக்கடி வண்டி உண்டு. நான்கு மணி நேரத்தில் கொண்டுவந்து விடுகிறார்கள். ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். முரளி பின்னாலேயே வருவான் என்று நெலமங்கலா வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் சக்லேஷ்பூர் போய் இரண்டு இரவும் தங்கிவிட்டுத்தான் வந்தான். ரூம் வாடகை திரும்பக் கிடைக்காதாம்.

நவம்பரில் கிளம்பிப் போனான். ஞாயிறுதோறும் கூப்பிடுகிறான். அங்கே பனியில் வண்டி ஓட்டும்போது அந்தப் பாட்டுகளைத்தான் கேட்கிறானாம். “சூப்பர் செலக்‌ஷன்” என்றான். கோயம்புத்தூர் வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு: பாட்டுகளை முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். சிம் போடாத பழைய போன் இருந்தால் அதில் ஏற்றுங்கள். ஆறு மணிக்குள் தும்கூர் ரோட்டைத் தாண்டிவிடுங்கள். ஹாசன் வரை சாலை நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் எப்படி என்று எனக்குத் தெரியாது.