ஒரு சண்டைக்கான மூச்சு

சாவதற்குள் ஒரு முறையாவது என் கணவரோடு நன்றாகச் சண்டை போட வேண்டும். இப்போது என் பெரிய ஆசை அதுதான். கோயில் குளம், நகை நட்டு, மெயின்லேண்டு பயணம் எதுவும் வேண்டாம். பழையபடி நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்பது சொல்ல, சத்தம் தாங்காமல் பக்கத்து வங்காளி வீட்டு ஜன்னல் திறக்க வேண்டும்.

என் நெஞ்சு கெட்ட கதைக்குக் கட்சால் தீவுக்குத்தான் போக வேண்டும். இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் எங்களுடையவை. கட்சாலில் அரசாங்க ரப்பர் தோட்டத்தில் இருவருக்கும் வேலை. முதலில் பால் வெட்டினேன். பிறகு, ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் ஸ்மோக் ஹவுஸுக்கு மாற்றினார்கள். பகலெல்லாம் அங்கே விறகுப் புகை, வீட்டுக்கு வந்தால் அடுப்புப் புகை. அப்போது யாருக்குத் தெரியும்? சுனாமி வந்து இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போனது. என் நெஞ்சிலிருந்த புகையை மட்டும் விட்டுவிட்டது. அதன் பிறகு போர்ட் பிளேருக்கு வந்து, மின்னி பே பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் நான் உட்கார, வழியில் அவர் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்.

எங்கள் கல்யாணமே சண்டையில்தான் தொடங்கியது. பால் வெட்ட எனக்கு ஒதுக்கியிருந்த ரப்பர் மரத்தில் அவர் கத்தி வைத்துவிட்டார். இந்தச் சரிவில் நின்று நான் திட்டினேன், எதிர்ச் சரிவில் நின்று அவர் பதில் சொன்னார். நடுவில் ஓடை. ஒரே மூச்சில் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வந்து நிறுத்தினேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் அம்மாவுக்குப் பெருமை வேறு. அந்த மூச்சை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. போன இளமையைக்கூட நான் இவ்வளவு தேடியதில்லை.

இப்போது ஒரு வாக்கியத்துக்கு மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. முதல் இடத்தில் நின்றதுமே அவர் முகம் மாறிவிடும்.

"பேசாத புள்ள, மூச்சு வாங்குது. டீக் ஹை, டீக் ஹை, நீ சொல்றதே சரி."

தீவில் எல்லோரும் பேசும் இந்தியில், 'சரி' என்பதற்கு அவர் பிடித்துக்கொண்ட சொல் அது. நான் என்ன சொல்ல வருகிறேன் என்றே தெரியாது, அதற்குள் டீக் ஹை. காக்கை வெள்ளை என்றாலும் டீக் ஹைதான். மெயின்லேண்டிலிருந்து போன் செய்யும் மகளும், "நீ பேசாதம்மா, நான் சொல்றத மட்டும் கேளு" என்கிறாள். எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். அந்த அன்பு எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

சமையலும் அவர் கைக்குப் போய்விட்டது. எண்ணெயில் மிளகாய் விழுந்தால் எனக்கு இருமல் பிடித்துக்கொள்ளும் என்று தாளிப்பதையே நிறுத்திவிட்டார். கருவாடு இல்லாமல் சோற்றில் கை வைக்காத மனிதர், அவித்த பூசணிக்காயோடு கஞ்சி குடித்தார். முன்பென்றால் உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று தட்டைத் தள்ளியிருப்பார். ஆஸ்பத்திரி நர்ஸ் வேறு, மூச்சு முட்டும்போது உதட்டைக் குவித்து அடுப்பு ஊதுவதுபோல் மெல்ல ஊதச் சொன்னார். அடுப்பு ஊதிக் கெட்ட நெஞ்சுக்கு அடுப்பு ஊதுகிற வைத்தியம். சிரிக்கலாமென்றால் அதற்கும் மூச்சு வேண்டும்.

கொஞ்ச நாளாக அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சௌல்தாரி கிராமத்துக்குப் போய்வந்தார். தோட்டத்தில் கூட வேலை பார்த்த கூட்டாளி அங்கே மிளகுக்கொடி போட்டிருக்கிறார், அதைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். வெளிக்காற்று படட்டும் என்று எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் திரும்பி வந்தால் பசிக்கவில்லை என்பார். ஒரு ஞாயிறு மதியம் என் முதுகுக்குத் தலையணை வைக்கக் குனிந்தபோது சட்டையில் வாசம் வந்தது. கருவாட்டுக் குழம்பு. நெஞ்சுதான் கெட்டது, எனக்கு மூக்கு கெடவில்லை.

"எவ வீட்டுல…" என்று கேட்டு மூச்சு வாங்கினேன். "தின்னுட்டு…" மறுபடியும் வாங்கினேன். "வாறீங்க?"

"டீக் ஹை, டீக் ஹை, நீ மொதல்ல…"

"இன்னொருக்கா… டீக் ஹைன்னு சொன்னா… இந்தத் தலகாணி… மூஞ்சிக்கு வரும்."

அவர் நிமிர்ந்தார்.

"ஆமா, தின்னேன்! கூட்டாளி பொண்டாட்டி வச்சிருந்துச்சு, தின்னேன். மறுசோறு வாங்கித் தின்னேன். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டு எம்புட்டு நாளாச்சு தெரியுமா? நீ முழிச்சுக்குவேன்னு தும்முறதுக்குக்கூட வெளிய ஓடுறேன். நீ பேசுனா ஒனக்கு மூச்சு போகுது. பேசலேன்னா எனக்கு போகுது. நான் என்னாதான் புள்ள செய்வேன்?"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எதிர்ச் சரிவில் நின்ற அந்த ஆளை எத்தனை காலத்துக்குப் பிறகு பார்க்கிறேன்! பதில் சொல்ல வேகமாக எழுந்தேன். மூச்சு அறுந்தது. மேசையைப் பிடித்துக் குனிந்துகொண்டேன். அவர் வெளிறிப்போய் இன்ஹேலரையும் கையில் பிடிக்கும் சின்ன மின்விசிறியையும் எடுத்துவந்தார். "பேசா…" என்று வாயெடுத்தவரைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். நான் இன்னும் முடிக்கவில்லை.

அவருக்குப் புரிந்தது. மருந்தை இழுக்க வைத்துவிட்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து விசிறியை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். உதட்டைக் குவித்து ஊதினேன். அவர் குறுக்கே பேசவில்லை, என் வாக்கியத்தை முடித்து வைக்கவில்லை, டீக் ஹையும் சொல்லவில்லை. மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் கேட்டார்.

"ம்… சொல்லு."

சேர்த்து வைத்திருந்த வசவு ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"கருவாட்டுல…" என்றேன். அவர் காத்திருந்தார். "கத்தரிக்கா…" அதற்கும் காத்திருந்தார். "போட்டாங்களா?"

"போட்டாங்க. ஆனா நீ வைக்கிற மாதிரி இல்ல."

"பொய்" என்றேன். அதற்கு மூச்சு போதுமானதாக இருந்தது.

"பொய்யா? யாரு பொய் சொல்றா?" என்று நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் சண்டைக்கு வந்தார்.