பன்னிரண்டு தூண்களும் என் தூக்குக்குண்டும்

மூன்று வருஷங்களுக்கு முன்பு, ரங்கூனின் போட்டாதாங் பகுதியில் ஆற்றைப் பார்த்து நிற்கும் நார்வேக்காரர் கோயிலுக்கு நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோயிலின் பக்கச் சுவர்கள் வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பதாகத் தெரிகிறது. ஒரு மாதத்துக்குள் அளவெடுத்த படம் ஒன்று தரவேண்டும். பிறகு இன்ஜினியர் நேரில் வந்து சரிபார்ப்பார். ஆபத்து என்று கண்டால் கட்டடம் இடிக்கப்படும். பக்கத்துக் கிடங்குக்காரருக்கு அந்த இடத்தின் மேல் வெகுநாளாக ஒரு கண் உண்டு. கடிதம் வந்த அன்றே அவர் வேலியோரம் வந்து எங்களுக்காக வருத்தப்பட்டுவிட்டு, காலடிகளால் நிலத்தையும் அளந்துவிட்டுப் போனார்.

மரத்தாலான இந்தக் கிறிஸ்தவக் கோயிலைக் கட்டியவர்கள் தேக்கு ஏற்ற வந்து ரங்கூனிலேயே தங்கிவிட்ட நார்வே நாட்டுக் கப்பல்காரர்கள். அவர்களில் பாதிப் பேர் பிறகு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள், பாதிப் பேர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர் ஒரே ஒரு முதிய விதவை. அவரை நாங்கள் கப்பல்காரம்மா என்போம். காலியாகிக் கிடந்த பெஞ்சுகளில் எங்களை, அதாவது துறைமுகத்திலும் மர ஆலையிலும் வேலை செய்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களை, வந்து உட்காரச் சொன்னவர் அவர்தான். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் அதைக் கணவரின் கப்பலில் மூட்டை ஏற்றியவர்களிடம் கற்றுக்கொண்டிருந்தார். அதனால் ஆராதனை நடத்தும் எங்கள் உபதேசியாரையே ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவார். அது பாசத்தில் வருவது என்று உபதேசியார் சபைக்கு விளக்கம் சொல்வார். சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் வாடியிருக்கும்.

நார்வேக்காரரிடமிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்த பழக்கங்கள் மூன்று. ஒன்று, கிறிஸ்துமஸுக்கு அவர்கள் ஊர் உலர்ந்த மீன் சாப்பிடுவது. பலகை போல இருக்கும் அதை எங்கள் பெண்கள் ஊறவைத்துக் கருவாட்டுக் குழம்பு வைத்தார்கள். கப்பல்காரம்மா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நல்ல மீனைப் பாழாக்கிவிட்டீர்கள் என்றார். இரண்டு, பாட்டு எவ்வளவு நீளமானாலும் நின்றுகொண்டே பாடுவது. மூன்று, தார் ஞாயிறு. மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை முழுவதும் சேர்ந்து கோயிலின் வெளிமரத்துக்குத் தார் பூச வேண்டும். கப்பலுக்குச் செய்வதைக் கோயிலுக்கும் செய்தார்கள். அவர்களைப் பார்த்து நாங்களும் செய்தோம். அன்றைக்கு வெள்ளைப் புடவை கட்டி வருபவர் புதிதாக வந்த மருமகளாகத்தான் இருக்கும்.

படம் வரையும் வேலை என்னிடம் வந்தது. அப்பா படகுப் பட்டறையில் வரைபடக்காரர்; அவரிடம் கற்றுக்கொண்டு நான் ஒரு தனியார் இன்ஜினியரிங் அலுவலகத்தில் படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். ‘பெண்பிள்ளைகளின் கோடு சுத்தமாக இருக்கும்’ என்று சொல்லித்தான் மேலதிகாரி என்னைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஏணி, நூல், தூக்குக்குண்டு, அளவுகோல், நோட்டு, பென்சில் இரண்டு ஆகியவற்றோடு டிராமில் போய் இறங்கினேன். கோயிலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆறாகப் பன்னிரண்டு தூண்கள். முதல் தூணின் உச்சியிலிருந்து குண்டைத் தொங்கவிட்டால், உச்சி அடியைவிட மூன்று அங்குலம் வெளியே இருந்தது. கடிதம் என்ன சொன்னாலும் எங்கள் கோயில் சாய்ந்திருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை; என் அளவில்தான் பிழை என்று பட்டது. நோட்டில் மூன்று அங்குலம் என்று எழுதி, பக்கத்தில் ‘ஆற்றுக் காற்று’ என்று காரணமும் எழுதினேன். இரண்டாவது தூணிலும் மூன்று அங்குலம். காரணம், ‘கை நடுக்கம்’. மூன்றாவதில் ‘நூல் ஈரம்’. ஐந்தாவதில் ‘பசி’. ஏழாவதில் ‘தும்மினேன்’. இப்படிப் பன்னிரண்டு தூண்களுக்கும் பன்னிரண்டு காரணங்கள் கிடைத்தன. வீட்டுக்கு வந்து, மனுஷப் பிழைகளையெல்லாம் நீக்கிவிட்டு, பன்னிரண்டு தூண்களையும் செங்குத்தாக வரைந்தேன். அதுவரை நான் வரைந்தவற்றில் அதுதான் மிக அழகான படம்.

மூன்று வாரம் கழித்து இன்ஜினியர் வந்தார். மதராஸில் படித்துவிட்டு வந்த தமிழர். வெள்ளை டிரில் சூட்டு, தொப்பி. சபையே மாலையும் எலுமிச்சைச் சர்பத்துமாகக் காத்திருந்தது. அவர் மாலையை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, என் படத்தைப் பெஞ்சின் மேல் விரித்து வைத்து, தன் தூக்குக்குண்டை முதல் தூணில் தொங்கவிட்டார். அதைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்.

“இந்தப் படம் போட்டு எத்தனை நாளாச்சு?”

“மூணு வாரம் ஆச்சுங்கய்யா” என்றார் உபதேசியார் பெருமையாக.

“அப்ப மூணு வாரத்துல மூணு அங்குலம் நகர்ந்திருக்கு. எல்லாரும் வெளியே போங்க. இன்னைக்கே பூட்டிடணும்.”

நாற்பது பேரும் சர்பத்துக் குடத்தோடு வாசலுக்கு நகர்ந்தார்கள். கப்பல்காரம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை.

பூட்டிய கட்டடத்தை மறுபடி திறக்க மாட்டார்கள், இடிக்கத்தான் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். படம் பொய் என்று சொன்னால் என் அலுவலகத்தில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். எது வந்தாலும் இரண்டு பத்தியாகப் பட்டியல் போடுவது என் வழக்கம். மனதுக்குள் ஒரு பத்தியில் என் மேசை, டி-ஸ்கொயர், ஜன்னலோர இடம், சுத்தமான கோடு என்ற பெயர் எல்லாம் வந்து சேர்ந்தன. இன்னொரு பத்தியில் கோயில் என்ற ஒரே வரி இருந்தது. அதற்குமேல் எழுத நேரமில்லை.

“சார், இப்ப நகர்ந்தது இல்ல” என்றேன். “நான் அளந்தன்னைக்கே இப்படித்தான் இருந்தது. நான்தான் படத்துல நேராக்கிட்டேன்.”

உபதேசியார் என் பக்கம் குனிந்து, “ஏம்மா, இது நம்ம பக்கத்துக்கா பேசுறே?” என்று மெதுவாகக் கேட்டார்.

கோயிலைக் காப்பாற்ற யாரும் இப்படிச் சொல்லலாம், எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றார் இன்ஜினியர். வேறு வழியில்லாமல் நோட்டைக் கொடுத்தேன். அவர் அதை மனதுக்குள் படித்திருக்கலாம். உரக்கத்தான் படித்தார். ‘கை நடுக்கம்’ வரை சபை மரியாதையாக இருந்தது. ‘பசி’ வந்ததும் ஜன்னலுக்கு வெளியே யாரோ செருமினார்கள். ‘ஏழாவது தூண், மூன்று அங்குலம், தும்மினேன்’ என்று அவர் படித்தபோது என் அப்பாவே சிரித்துவிட்டார். நான் தரையில் பலகைகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

“பன்னிரண்டு தூணும் ஒரே மாதிரி மூணு அங்குலம்” என்றார் இன்ஜினியர். “நீங்க தும்மினாலும் மூணு, பசிச்சாலும் மூணா? இது பிழையில்லைம்மா, யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க.”

அப்போதுதான் கப்பல்காரம்மா வாய் திறந்தார்.

“எங்க வீட்டுக்காரன் செஞ்சது. அவன் கப்பல் கட்டுறவன்டா. கப்பல் பக்கம் மேல விரிஞ்சுதான் நிக்கும். அவனுக்கு வேற மாதிரி கட்டத் தெரியாது.”

ரங்கூனில் இன்ஜினியரை யாரும் ‘டா’ போட்டுப் பேசியிருக்க மாட்டார்கள். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அவர் கோபப்படவில்லை. சாய்வாகக் கட்டினார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அதற்குப் பிறகு சுவர்கள் மேலும் விலகவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்.

“மேல ஏறு. பொருத்துல தார் இருக்கு. வெட்டிப் பாரு.”

எனக்கு உடனே புரிந்தது. இரண்டு சுவர்களையும் இழுத்துப் பிடிக்கும் குறுக்கு உத்திரங்களின் முனைகள் இறவாரத்துக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுவர் விலகியிருந்தால் அந்தப் பொருத்துகள் வாய் திறந்திருக்கும். அவற்றின் மேல் வருஷா வருஷம் பூசிய தாரும் காய்ந்த குளத்து மண்ணைப் போல வெடித்திருக்கும். இதை நான் சொன்னதும் இன்ஜினியர் கோட்டைக் கழற்றிவிட்டு என் ஏணியில் ஏறினார். பேனாக்கத்தியால் ஒரு பொருத்தில் தாரைக் குறுக்காக வெட்டினார். உள்ளே ஏடு ஏடாக எத்தனையோ தார் ஞாயிறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒன்றில்கூட வெடிப்பு இல்லை.

நான்கு தூண்கள் பார்த்ததும் போதும் என்றார். “இன்னும் எட்டு இருக்குடா” என்றார் கப்பல்காரம்மா. இன்ஜினியர் பன்னிரண்டையும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். அதற்குள் வெள்ளைக் கால்சட்டை முழங்காலுக்குக் கீழே தார் ஒட்டி, எண்ணெய் பூசிய பர்மாக்காரர் குடை மாதிரி பளபளவென்று கறுத்திருந்தது. பெண்கள் மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்தார்கள். மூன்று குவளை சர்பத்து குடித்தார். மாலையையும் இந்த முறை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. கட்டடம் உறுதியாக இருப்பதால் இடிக்கத் தேவையில்லை. படம் தவறாக இருப்பதால் ஏற்க முடியாது. வரைந்தவரே புதிதாக ஒன்று வரைந்து, தம் அளவுக் குறிப்புகளை, காரணங்கள் நீங்கலாக, இணைத்து அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்தை நானே எடுத்துப்போய் மேலதிகாரியிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு ஒரு மாதத்துக்கு என்னைக் கோடு போட விடாமல் அளவெடுக்க மட்டும் வெளியே அனுப்பினார். தண்டனையாகத்தான் அனுப்பினார். ஜன்னலோர இடத்தைவிட எனக்கு அது பிடித்துப்போயிற்று.

புதிய படத்துக்கு ஐந்து மாலைகள் ஆயின. ஒவ்வொரு தூணையும் மூன்று அங்குலம் சாய்த்து வரையும்போது நிமிர்த்திவிடச் சொல்லிக் கை அரித்தது. ஒரு பிரதியைக் கோயிலில் மாட்டுவதற்காக உபதேசியாரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கைநீட்டிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“ரொம்ப நல்லாருக்கு தங்கச்சி. கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கு, அவ்வளவுதான். கண்ணாடி போட்டு மாட்டப்போறோம், நாலு பேர் பாப்பாங்க. நேரா ஒண்ணு வரைஞ்சு தரக்கூடாதா?”

அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, இன்ஜினியரிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். அவர் போய்க் கேட்டார்.