மலையில்லாத நாட்டுக்கு இரண்டு டிக்கெட்

என் கணவருக்கு நாற்பத்தெட்டு வயதில் ஓட்டப் பைத்தியம் பிடித்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் அவருடைய ஆபீஸில் யாரோ ஒருவர் ஓட ஆரம்பிக்க, ஜலதோஷம் மாதிரி அந்த மாடி முழுக்கப் பரவி எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. தொப்பை குறைந்தால் நல்லதுதானே என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூடியிருக்கக் கூடாது.

விடிகாலையில் மேம்பாலத்துக்குக் கீழே ஓடுவார். நடுவயசு ஆள் ரோட்டில் ஓடினால் பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடுகிறான் என்பது பெங்களூரின் நம்பிக்கை. ஒருநாள் ஒரு பஸ் இவருக்காகவே பிரேக் போட்டு நின்றிருக்கிறது. "ஹத்தி சார், பேக ஹத்தி" என்று, சீக்கிரம் ஏறச்சொல்லிக் கண்டக்டர் கன்னடத்தில் கையை நீட்டி அவசரப்படுத்த, மறுக்க வெட்கப்பட்டுக்கொண்டு ஏறிவிட்டார். டிக்கெட்டும் வாங்கியிருக்கிறார், கொடுமையே! கையிலிருந்த வாட்ச் பஸ் ஓடிய தூரத்தையும் இவர் கணக்கிலேயே சேர்த்துவிட்டது. அன்றைக்கு ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இவருக்கு ஒரே பாராட்டு. மனுஷன் மறுக்கவும் இல்லை.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "வெளிநாடு போறோம்" என்றார்.

கல்யாணமான புதிதில் கொடுத்த வாக்கு அது. இப்போதைக்கு ஊட்டி, அப்புறம் சுவிட்சர்லாந்து என்றார். ஊட்டி வந்தது, அப்புறம் வரவில்லை. நான் வேலூர்க்காரி. எங்கள் ஊர் மலையில் முட்டையை உடைத்து ஊற்றினால் ஆம்லெட் ஆகிவிடும். பனி மூடின மலை முன்னால் கதாநாயகி மெல்லிசுச் சேலையில் நடுங்காமல் ஆடுவாளே, அந்த மலையை ஒருதரம் நேரில் பார்க்கவேண்டும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், ஆசை ஆசைதான்.

"சுவிட்சர்லாந்தா?" என்று கேட்டேன். குரல் எனக்கே வெட்கமாகிற அளவுக்குக் குழைந்தது.

"நெதர்லாந்து. மாரத்தான் ஓடப்போறேன். ஊரே தோசைக்கல்லு மாதிரி தட்டையா இருக்குமாம்."

"மலை?"

"மலை இருந்தா எப்படிடி ஓடறது?"

உலகத்தில் இத்தனை நாடு இருக்க, மலையே இல்லாத நாடாகப் பார்த்துத் தேடிப் பிடித்திருக்கிறார் பாருங்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சை நிறுத்தினேன். ரசத்தில் உப்பையும் நிறுத்தினேன். கடைசியில் மனுஷன் இறங்கி வந்து, "ஓட்டம் முடிஞ்சதும் ரயில்ல சுவிட்சர்லாந்து. சத்தியமா" என்றார்.

திட்டம் போட உட்கார்ந்தோம். ஓட்டத்துக்கு முன்னால் ஊர் சுற்றக் கூடாது, கால் களைத்துவிடும். சரி, படகில் போகலாமா? குளிர்காற்று பட்டால் மூக்கடைக்கும். சீஸ் சாப்பிடலாமா? வயிறு கெடும்.

"அப்போ என்னதான் பண்றது?"

"காலைச் செவுத்துல தூக்கி வெச்சிக்கிட்டு ரூம்லயே படுத்திருக்கணும்."

"நான்?"

"நீயும்தான். எனக்குத் துணைக்கு."

முந்தின நாள் அவருக்குத் தயிர்சாதம்தான் ஒத்துக்கொள்ளுமாம். அதனால் பொன்னி அரிசியும் குக்கரும் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே கிடைக்கிற தயிரை நம்ப முடியாது என்று, உறை ஊற்றுவதற்கு மிளகாய்க் காம்பு கொண்டுவரச் சொன்னார். ஐரோப்பாவுக்குப் போய் நான் பாலுக்கு உறை ஊற்றப்போகிறேன்! ஓடி முடித்தபிறகோ, தொடை பிடித்துக்கொண்டு படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடியுமாம், அதனால் மறுபடியும் ரூம். இப்படி வெட்டி வெட்டி, என் மலைக்கு மிஞ்சியது ஒரே ஒரு பகல். அதுவாவது கிடைத்ததே என்று ஸ்வெட்டர் வாங்கி வைத்தேன்.

விசாவும் வந்தது. லாஃப்டிலிருந்து பெட்டியை இறக்கப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஏறினார். மாதக்கணக்கில் ஓடிப் பழகின கால், நாற்காலியிலிருந்து இறங்கும்போது பிசகிவிட்டது. கணுக்கால் பூரியாக உப்பியது.

"நடக்கலாம், பிளேன் ஏறலாம், ஓட மட்டும் கூடாது" என்றார் டாக்டர். பாவம் அவர் முகம் செத்துப்போனது. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஓட்டம் இல்லையென்றால் அத்தனை நாளும் மலைக்குத்தானே!

ஆட்டோவில் வரும்போது அவர் சொன்னார்: "எல்லாத்தையும் கேன்சல் பண்ணிடறேன். ஓட்டமே இல்லாம அங்க போயி என்ன பண்றது?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. நான் ஆசைப்பட்டது அவருக்கு ஞாபகமே இல்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, அவர் காலுக்கு ஐஸ் வைத்துக் கட்டிவிட்டுச் சொன்னேன்: "உங்க டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ணுங்க. நான் போறேன். எறங்குற ஊர்லேருந்து ரயில் இருக்கு."

"தனியாவா? உனக்கு சில்க் போர்டு சிக்னலைத் தாண்டறதுக்கே தெரியாதே!"

"அந்த டிராஃபிக்ல சில்க் போர்டு யாருக்குத்தாங்க தாண்டத் தெரியும்?"

வேலூரிலிருந்து அம்மா போனில் பதறினாள். "ஏண்டி, ஓடப்போறது மாப்பிள்ளைன்னுதானே சொன்னே? இப்ப அவரு வீட்ல கெடக்கறாரு, நீ ஓடிப்போறேன்றியே!"

"ஆமாம்மா, ஓடித்தான் போறேன்" என்றேன். தெருவெல்லாம் பரவியிருக்கும். பரவட்டும்.

கிளம்புகிற அன்று ஏர்போர்ட்டில் டிராலியை நான்தான் தள்ளுவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்து, நொண்டிக்கொண்டே தள்ளிவந்தார். உள்ளே போகிற வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"அந்த மலை முன்னால போயி என்னதான்டி பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றேன். "நிப்பேன்."