ஆறு குடம் தண்ணீர்

நானும் மனைவியும் போன மூன்று நாள் கப்பல் பயணம் சொர்க்கமாக இருந்தது. எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் அருப்புக்கோட்டைக்காரனான நான் தினம் இரண்டு முறை குளித்தேன். கடலில் போனுக்குச் சிக்னல் இல்லை, அதுவும் நிம்மதிதான். தண்ணீர் வந்தால் பிடித்து வைக்கும்படி எதிர்வீட்டு முத்தம்மாள் அக்காவிடம் வீட்டின் இன்னொரு சாவியைக் கொடுத்திருந்தேன்.

திரும்பியபோது தெருவில் ஆள் அரவமே இல்லை. காலடியில் தரை இன்னும் கப்பல்போல ஆடியது. அடுப்படியில் ஆறு குடங்களும் நிறைந்திருந்தன. ஒவ்வொரு குடத்தின் வாயிலும் வெள்ளைத் துணி, அக்கா போடும் அதே முடிச்சு. ஒரு செம்பு குடித்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். உள்ளே அக்காவின் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருந்தார்கள்.

"நீங்க கெளம்புன அன்னைக்கே நெஞ்சு வலிண்ணே. போயிட்டாக," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"தண்ணி எப்ப வந்துச்சு?"

"நேத்துத்தான்."

அப்படியானால் அந்த முடிச்சைப் போட்டது யார்? ஓடிப்போய் ஆறு குடங்களையும் தெருவில் கவிழ்த்தேன்.

சத்தம் கேட்டு அக்காவின் மகள் வந்தாள். நனைந்த மண்ணையே பார்த்தாள். "எதிர்வீட்டுத் தண்ணிய மறந்துராதன்னுதான் அம்மா கடைசியாச் சொன்னாக. நான்தான் மாமா புடிச்சு வச்சேன்."

கவிழ்ந்த குடங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன்.

"இனி எட்டு நாளாகும் மாமா," என்று தன் வீட்டுக் குடம் ஒன்றைத் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அன்று முழுக்கத் தரை ஆடிக்கொண்டே இருந்தது. அந்தக் குடத்துத் தண்ணீர் மட்டும் அசையவே இல்லை.