மஞ்சள் தலைப்பாகை அதிகாரிக்கு ஓர் இடம்

ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒகினாவாத் தீவைச் சேர்ந்த ஓர் அம்மா தனியாக இருந்தார். அவரும் நானும் எங்களுக்குத் தெரிந்த டொச் மொழியில் கதைப்போம். அவர் வீட்டு அலமாரியில் சிவப்பு அரக்குப் பூசிய மரச்சட்டம் ஒன்று. அதற்குள் பொன்னெழுத்தில் முன்னோர் பெயர்கள். நடுப்பெயர் அவருடைய பூட்டன்.

அந்தத் தீவுகள் ரியூக்யூ என்ற தனி நாடாக இருந்த காலத்தில், பூட்டன் அரசனிடம் உயர்குடி அதிகாரி. தலையில் மஞ்சள் தலைப்பாகை, கொண்டையில் வெள்ளி ஊசி. எதிரே வருகிறவர் தலைப்பாகையின் நிறத்தைப் பார்த்தே எவ்வளவு குனிவதென்று அறிந்துகொள்வாராம். அந்த அரசனை ஜப்பான் இறக்கிவிட்டு நாட்டை எடுத்துக்கொண்டபோது, பூட்டன் ஒளித்துப் படகேறிச் சீனத்துக்குப் போனார். நாட்டை மீட்டுத் தரும்படி பேரரசருக்கு விண்ணப்பம் எழுதினார். பதில் இல்லை. இன்னொன்று எழுதினார். வெள்ளி ஊசியை விற்றுச் சாப்பிட்டார். அங்கேயே செத்துப்போனார்.

போன வருடம் அந்த அம்மா முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டி வந்தது. அந்த மரச்சட்டத்தை மூத்த ஆண் வாரிசுதான் வைத்திருக்க வேண்டுமாம். அப்படி ஒருவரும் மிச்சமில்லை. "வீட்டைக் காலி செய்யிறவை இதையும் குப்பையில போட்டிடுவினம்" என்று, எங்கள் வீட்டில் வைக்கச் சொல்லி என் கையைப் பிடித்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். துள்ளினார்.

"செத்த ஆக்களின்ரை சாமானைச் சாமி இருக்கிற வீட்டுக்கையோ? உனக்கென்ன விசரே?"

"சாமி அறைக்குள்ள இல்லையப்பா. ஹோலிலதான்."

"என்ன படைக்கிறதாம்?"

"பன்றி இறைச்சி. கொஞ்சம் சாராயமும்."

"சோக்கு! சஷ்டிக்கு நான் பட்டினி, உங்கடை அதிகாரிக்குப் பன்றியோ?"

அப்போதுதான் விண்ணப்பக் கதையைச் சொன்னேன். இவர் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, முகாமில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்காகத் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"மறுமொழியே வரேல்லையோ?"

"கடைசிவரைக்கும் வரேல்லை."

"கொண்டு வா. ஆனா இந்த வீட்டில மரக்கறிதான் எண்டு அவரிட்டைச் சொல்லிப்போடு."

இல்லத்துக்குப் போய் இதைச் சொன்னபோது அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "தேத்தண்ணி போதும். கடைசியில அவருக்கு அதுவும் கிடைக்கேல்லை."

"உங்கடை பேரை எந்தப் பக்கத்தில எழுதிறது?" என்று கேட்டுவிட்டேன்.

"எழுத ஏலாது. மகளுக்குத் தகப்பன் வீட்டுச் சட்டத்தில இடமில்லை. கலியாணமும் கட்டேல்லை. அதால புருசன் வீட்டுச் சட்டமும் இல்லை." மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார்.

மாசியில் அவர் கண்ணை மூடினார்.

எனக்கும் இரண்டும் பெண் பிள்ளைகள்தான். வெள்ளிக்கிழமை முருகனுக்கு விளக்கு வைத்துவிட்டு ஹோலில் வைத்த அந்தச் சட்டத்துக்கு இரண்டு தேத்தண்ணி கொண்டு வருவேன். ஒன்றை அதிகாரியின் பெயருக்கு முன்னால் வைப்பேன். அந்த வீட்டுப் பெயர்களையெல்லாம் கடைசிவரை காத்த அந்த அம்மாவுக்கு மற்றதை எங்கே வைப்பதென்று முருகனைத்தான் கேட்கிறேன். அதற்குள் அது ஆறிப்போகிறது.