வியாழக்கிழமை ஐந்து இருபதுக்கு வந்தவள்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நஜியா எங்கள் தெருப் பெண். ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்துச் சொல்லும் சாமர்த்தியம் அவளுக்குக் கிடையாது. தேதி, கிழமை, மணி எல்லாம் அவள் டைரியில் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று தைரியமாக இருப்பவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள். இது சாயங்காலம் நடந்தது. நல்ல வெளிச்சத்தில்.

கடலூர் முதுநகரில் நஜியாவின் அத்தா ஹபிபுல்லா கயிறும் மீன்வலையும் விற்கிறார். நஜியா கடலூரிலேயே பி.எஸ்.சி. கணக்கு படித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் அண்ணிக்குப் பிரசவம் ஆனதும் அடுப்படி மொத்தமும் இவள் தலையில் விழுந்தது. நாலாவது செமஸ்டரில் இரண்டு அரியர். மூன்றாம் வருஷமும் வீட்டில் இருந்தால் டிகிரி கைக்கு வராது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வேறு ஊர்க் கல்லூரிக்கு மாறிவிடுவது ஒன்றுதான் வழி.

அந்த நேரம் பார்த்து இசைவாணி போன் செய்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச், ஒரே டிபன் பாக்ஸ். சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் அதே பி.எஸ்.சி. கணக்குதான் படித்தாள். இரண்டு கல்லூரியும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால் மாறலாம். ஆனால் அந்த வகுப்பில் சீட் காலியாக இருக்க வேண்டும். எங்கள் கிளாஸில் ஒரு சீட் காலி, எங்கள் ரூமிலும் கட்டில் காலி, நீ வந்துவிடு என்று இசைவாணி சொன்னாள்.

நஜியா சும்மா கிளம்பவில்லை. டைரியில் இருபத்திரண்டு கேள்வி எழுதிவைத்துக்கொண்டு போனில் கேட்டாள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்? கேட்டை எப்போது பூட்டுவார்கள்? மெஸ்ஸில் கறி ஹலாலா? மூன்றாம் வருஷத்தில் புதிதாக வருகிறவளைக் கூடச் சேர்த்துக்கொள்வார்களா? இசைவாணி ஒவ்வொன்றுக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். இருபத்திரண்டாவது கேள்வி, உடம்பு முடியாமல் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது.

“நான் எதுக்குடி இருக்கேன்? நான் பாத்துக்கிறேன்.”

இத்தனை கேட்டவள் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அந்த சீட் எப்படிக் காலியானது?

அத்தா ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார். ஒரே ஒரு தடவை காய்ச்சல், தலைவலி என்று போன் வந்தாலும் சரி, அன்றைக்கே மூட்டை கட்டி வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவேன் என்றார். சொன்னால் செய்கிற மனிதர். பழைய கல்லூரியில் டி.சி. வாங்கியாகிவிட்டது. சிதம்பரத்தை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

அண்ணாமலை நகரில் சவரியம்மாள் என்ற அம்மா வீட்டு மாடியில் அறை. அந்த அம்மா கீழே தனியாக இருந்தார். ஏறிவர வெளிப்பக்கமாக இரும்புப் படிக்கட்டு. பூனை ஏறினால்கூட டங்... டங்... என்று சத்தம் கேட்கும். உள்ளே மூன்று கட்டில். ஜன்னலோரம் இசைவாணி, கதவோரம் நஜியா. நடுக்கட்டிலில் படுக்கை இல்லை. மூட்டை முடிச்சு வைக்க இடமில்லாமல் தவித்தபோதும், இசைவாணி அந்தக் கட்டிலில் ஒரு துண்டைக்கூடப் போடவில்லை.

ஜூலை 17, வியாழக்கிழமை. சாயங்காலம் 5.20. நஜியா தனியாக உட்கார்ந்து அரியர் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் வாசலில் ஒரு பெண். பச்சைச் சுடிதார், ஒற்றைப் பின்னல், கையில் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல்.

“அக்கா, நான் டிரான்ஸ்ஃபர்ல வர்றேன். கொஞ்சம் வெசாரிக்கணும்.”

நஜியாவுக்கு ஒரே குஷி. ஒரு மாசத்துக்கு முன் தானும் இப்படித்தானே விசாரித்தோம் என்று பாசம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே கூப்பிட்டாள். அந்தப் பெண் வரவில்லை. நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்று கேட்டாள். தண்ணீர் எத்தனை மணிக்கு? கேட் எப்போது பூட்டும்? சாப்பாடு எப்படி? புதிதாக வந்தவளைச் சேர்த்துக்கொள்வார்களா? நஜியா ஒவ்வொன்றுக்கும் ஆசையாகப் பதில் சொன்னாள். வெளியே சுள்ளென்று வெயில். ஆனால் அந்த ஃபைலின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்... தரையில் ஈரம் இல்லை.

கடைசியாக, உடம்பு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள்.

“இசைவாணின்னு ஒருத்தி இருக்கா. அவ பாத்துப்பா.”

அந்தப் பெண் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னா.”

நஜியா பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள். வாசலில் ஆள் இல்லை. இரும்புப் படியில் சத்தமே கேட்கவில்லை. வந்தபோதும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த சவரியம்மாள், மூன்று மணியிலிருந்து ஈ, காக்கைகூட உள்ளே வரவில்லை என்றார்.

ஏழு மணிக்கு வந்த இசைவாணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சோற்றில் வைத்த இசைவாணியின் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு, பக்கத்து லாட்ஜுப் பெண்ணாக இருக்கும் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தே நஜியா உஷாராகியிருக்க வேண்டும். பத்து வருஷ சிநேகிதி மேல் சந்தேகம் யாருக்கு வரும்? ஆனால் அதற்குப் பிறகு எந்த வியாழக்கிழமையும் சாயங்காலத்தில் இசைவாணி அறையில் இருக்கவில்லை. லைப்ரரி என்பாள்.

ஜூலை 24, வியாழன், 5.20. அதே பச்சைச் சுடிதார். அதே ஃபைல்.

“அக்கா, நான் டிரான்ஸ்ஃபர்ல வர்றேன். கொஞ்சம் வெசாரிக்கணும்.”

முன்னே பின்னே பார்த்ததே இல்லை என்பது போல. நஜியா நோட்டை மூடிவிட்டுச் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். வந்தவள் கேள்விகளை மட்டும் வரிசையாகக் கேட்டாள். சொட்... சொட்...

ஜூலை 31. இரண்டே கேள்வி. அத்தாவிடம் சொல்லிவிடலாமா என்று நஜியா போனைக் கையில் எடுத்தாள். சொன்னால் மறுநாளே மூட்டை கட்டவேண்டும். டிகிரி போய்விடும். போனை வைத்துவிட்டு, பயம் போக குர்ஆனிலிருந்து ஆயத்துல் குர்ஸி ஓதினாள்.

ஆகஸ்ட் 7. ஒரே கேள்வி. இந்தத் தடவை அந்தப் பெண் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

“லீவு வுட்டா ரூம்ல யார் இருப்பாங்க, அக்கா?”

அடுத்த வாரம் சுதந்திர தினம், கிருஷ்ண ஜெயந்தி, ஞாயிறு என்று சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு.

ஆகஸ்ட் 14, வியாழன். காலையிலிருந்தே நஜியாவுக்கு உடம்பு கொதித்தது. எழுந்து நிற்க முடியவில்லை. வீட்டுக்குப் போன் செய்யவும் பயம். இசைவாணி இருக்கிறாளே என்று கண்ணை மூடிப் படுத்தாள். 4.05க்கு இசைவாணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். மெடிக்கலில் மாத்திரையும் பிரெட்டும் வாங்கிவருகிறேன் என்றாள்.

டங்... டங்... டங்... இறங்கிப் போனாள்.

4.25க்குக் கீழே கேட் சங்கிலி கலகலத்தது. பூட்டு விழுந்த சத்தம். மாதா கோயில் திருவிழாவுக்காக சவரியம்மாள் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நஜியா கத்தினாள். தொண்டையில் காற்றுதான் வந்தது.

4.50. இசைவாணிக்குப் போன் செய்தாள். ரிங் போனது. எடுக்கவில்லை.

5.05. மறுபடியும். எடுக்கவில்லை.

5.10. ஸ்விட்ச் ஆஃப்.

அப்போதுதான் ஜன்னலோரம் பார்த்தாள். இசைவாணியின் பை இல்லை. மாட்டியிருந்த துணி இல்லை. பிரெட் வாங்கப் போகிறவள் துணியை ஏன் எடுத்துப் போகிறாள்... நஜியாவுக்குக் காய்ச்சலைவிட அதுதான் வலித்தது. வாய்விட்டு அழுதாள்.

5.20.

சொட்...

சொட்...

வாசலில் இல்லை. சத்தம் அறைக்குள்ளே.

நடுக்கட்டில் கிறீச்சென்றது. யாரோ உட்கார்ந்தார்கள்.

“சுடுதாக்கா?”

நஜியா கண்ணைத் திறக்கவில்லை.

“இசைவாணி எங்க?”

“பஸ் ஏறிட்டா.”

மணிக்கட்டில் ஒரு கை. ஐஸ்.

டங்...

டங்...

டங்...

இரும்புப் படியில் ஒரு ஆள் இறங்குகிற சத்தம்தான் கேட்டது...

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. கையில் டிரிப்ஸ். டெங்கு என்றார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் பாதாளத்துக்கு இறங்கியிருந்தன. மறுநாள் காலையில் வந்திருந்தால் பிணமாகத்தான் வந்திருப்பாய் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொன்னார். சேர்த்த நேரம் 5.55. எப்படி வந்தாள், எந்த வண்டியில் வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கூட வந்த பெண் ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நின்றிருந்தாள், அப்புறம் காணோம் என்று நர்ஸ் சொன்னார். பேர் என்ன என்று கேட்டதற்கு ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து வாசித்தார். கு. கொளஞ்சி. உறவு, ரூம்மேட்.

அப்படி ஒரு பெயரை நஜியா கேட்டதே இல்லை.

சவரியம்மாளுக்கு அத்தா போன் செய்தபோது அந்த அம்மா அலறிவிட்டார். கிளம்பும்போது மேலே ஆள் இருக்கிறதா என்று இசைவாணியை நிறுத்திக் கேட்டாராம். ரெண்டு பேரும் கிளம்பிட்டோம் என்று சொல்லியிருக்கிறாள். சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது, எப்படி வெளியே வந்தாள் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். கேட்டில் பூட்டு போட்டது போட்டபடி தொங்கியது.

சனிக்கிழமை 11.30க்கு இசைவாணி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஆப்பிள் வேறு வாங்கிக்கொண்டு வந்தாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு ஆப்பிளோடு வருவதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும்.

“கொளஞ்சி யாருடி?”

இசைவாணி ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குமராட்சிப் பக்கத்துப் பெண். இரண்டாம் வருஷம் டிரான்ஸ்ஃபரில் வந்தாள். வருவதற்கு முன் நூறு கேள்வி கேட்டாள். பொங்கல் லீவில் காய்ச்சலோடு கிடந்தவளை அறையில் விட்டுவிட்டு இசைவாணி ஊருக்குப் போய்விட்டாள். சவரியம்மாளும் பார்க்காமல் பூட்டிவிட்டார். அம்மா பயந்துவிடுவார்கள் என்று கொளஞ்சி வீட்டுக்குப் போன் செய்யவில்லை. இசைவாணிக்குத்தான் செய்தாள். பதினோரு தடவை. காணும் பொங்கல் அன்று, வியாழக்கிழமை, கதவை உடைத்தபோது உயிர் இல்லை. பக்கெட் தண்ணீர் அவள் கட்டிலோரம் கவிழ்ந்து கிடந்ததாம்.

நஜியாவின் நெற்றியைத் தொட்டதும் இசைவாணிக்கு அந்தப் பொங்கல் ஞாபகம் வந்துவிட்டது. ஓடிவிட்டாள்.

“ஒவ்வொரு வியாழக்கெழமையும் வந்து என்னத்தான் கேக்கும். வேற ஆள் இருந்தா அவளக் கேக்கும்னு நெனச்சேன்.”

“அதுக்கு நான்தான் கெடச்சனா?”

இசைவாணி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“நான் கூப்புட்டா நீதாண்டி கேள்வி கேக்காம வருவ.”

இருபத்திரண்டு கேள்வி கேட்டவளைப் பார்த்து அப்படிச் சொன்னாள். நஜியா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவளோடு பேசவில்லை. இசைவாணியும் அந்த அறைக்குத் திரும்பவில்லை. சாமானை எடுக்கக்கூட அண்ணனைத்தான் அனுப்பினாள்.

அன்று மத்தியானம் அத்தா உள்ளே வந்தார். மூட்டை கட்டச் சொல்லப்போகிறார் என்று நஜியா தயாராக இருந்தாள். நிஜமாகவே வீட்டுக்குப் போய்விடத்தான் அவளுக்கு ஆசையாக இருந்தது. அடுப்படியாவது மிஞ்சும். ஆனால் அத்தா முகம் தெளிந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினார். ரிஜிஸ்டரில் அந்தப் பெண் ஒரு நம்பரும் எழுதியிருந்தாளாம். ரெண்டு வார்த்தை நன்றி சொல்லலாம் என்று போன் செய்தாராம். குமராட்சியில் அவள் அம்மா எடுத்தார்களாம்.

“கொளஞ்சிதாம்மா எம்பொண்ணக் காப்பாத்துச்சுன்னு சொன்னேன். அழுவுறாங்க போல. அப்பறமா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. அவ கூட இப்ப யார் இருக்கான்னு.”

நஜியா அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எம்பொண்ணு இருக்கு, இனிமே அவள தனியா வுட்டுட்டுப் போவாதுன்னு அல்லா மேல சத்தியமா சொல்லிட்டேன். அப்படிப்பட்ட புள்ள கூட இருக்கறப்ப எனக்கு என்னம்மா பயம்? நீ அந்த ரூம்லயே இருந்து படிச்சு முடி.”