முதலிலிருந்து

நான் ஏறிய கற்பிட்டி வேனின் சாரதிக்கு நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னாரிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டவர். இளந்தாரிக் காலத்திலிருந்து அவர் விடாமல் கேட்பது புரோகிரசிவ் ரொக் என்ற நீண்ட நீண்ட மேல்நாட்டுப் பாட்டுகள். கற்பிட்டியில் தொடங்கும் ஒரே பாட்டு நுரைச்சோலையில்தான் முடியும்.

அன்று பாதிப் பாட்டில் பள்ளிவாசலிலிருந்து அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. உடனே பாட்டை நிறுத்தினார். பாங்கு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார்.

"விட்ட இடத்தில இருந்தே போடலாமே, நானா?" என்றேன்.

அவர் வீதியைப் பார்த்தபடியே சொன்னார்: "விட்ட இடத்தில இருந்து ஒண்டையும் தொடங்க ஏலாது தம்பி. ஊருக்குத் திரும்பிப் போய் இருந்து பாத்துட்டுத்தான் சொல்றன்."

பாட்டில் கிற்றாரின் ஓசை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

நுரைச்சோலை வந்தது. பாட்டு முடியவில்லை. இறங்க வேண்டிய நான் எழும்பாமல் இருந்தேன்.